பாரசீகக் கம்பளத்தில் நீலம் ஒட்டினால் போலியா? இயற்கைச் சாயம் பற்றி ஒரு விரிவான பதில்

உங்கள் கேள்வியை மற்றவர்களுக்காகச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். 6க்கு 9 அடியில் ஒரு கம்பளம் பார்த்திருக்கிறீர்கள். கடைக்காரர் "ஈரான் சரக்கு, கையால் நெய்தது, முழுக்க வெஜிடபிள் டை" என்கிறார். யாரோ சொன்னார்கள் என்று வெள்ளைக் கைக்குட்டையை வைத்துத் தேய்த்திருக்கிறீர்கள். சிவப்பு ஒட்டவில்லை, நீலம் ஒட்டிவிட்டது. இது ஏமாற்றா, இயற்கைச் சாயம் என்பதற்காக இவ்வளவு விலை கொடுக்கலாமா என்று கேட்கிறீர்கள்.

நீலம் ஒட்டியதை மட்டும் வைத்து அதைப் போலி என்று சொல்ல முடியாது. அதேபோல, இயற்கைச் சாயம் என்று சொன்னதற்காக மட்டும் கூடுதலாக ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம். நான் கம்பளம் பார்க்கும்போது முதலில் பார்ப்பது கம்பளியை. அடுத்து நெசவு. சாயத்துக்கு அப்புறம்தான் வருவேன். ஆனால் நீங்கள் சாயத்தைத்தான் கேட்டிருக்கிறீர்கள், அதனால் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

பாரசீகக் கம்பளத்தின் பாரம்பரிய நீலம் அவுரி நீலம்தான். அங்கேயும் அதற்கு 'நீல்' என்றே பெயர். இந்தியாவிலிருந்து கப்பலேறிப் போன நீலத்தையும் அந்த ஊர்ச் சாயக்காரர்கள் பயன்படுத்தியிருக்கிறார்கள். இந்தச் சாயத்தின் குணம் மற்றவற்றிலிருந்து அடியோடு வேறு. தண்ணீரில் கரையாது, கொதிக்க வைத்தாலும் கரையாது. கரைய வேண்டுமென்றால் தொட்டித் தண்ணீரில் ஆக்சிஜன் இல்லாமல் செய்ய வேண்டும். அதற்காகத் தவிடு, பேரீச்சை மாதிரி எதையாவது போட்டுப் புளிக்க வைப்பார்கள். காரத்துக்குச் சாம்பலோ சுண்ணாம்போ சேர்ப்பார்கள். அதையும் அளவாகத்தான் சேர்க்க வேண்டும், ஏனென்றால் பருத்தி தாங்குகிற காரத்தைக் கம்பளி தாங்காது.

நன்றாகப் புளித்த நீலத் தொட்டியை முதல் தடவை பார்ப்பவருக்கு அது நீலத் தொட்டி என்றே தோன்றாது. மேலே செம்பும் ஊதாவும் கலந்து பளபளக்கும் ஒரு ஏடு. அதை விலக்கினால் உள்ளே மஞ்சள் கலந்த பச்சைத் தண்ணீர். வாடையைப் பற்றி விவரிக்க வேண்டாம். நனைத்துப் பிழிந்த நூல் சிட்டத்தை ஓரமாக, குமிழி எழும்பாமல் மெல்ல இறக்குவார்கள். குமிழி வந்தால் அதோடு காற்றும் உள்ளே போய்த் தொட்டியைக் கெடுத்துவிடும். சில நிமிடம் ஊறிய பிறகு வெளியே எடுக்கும்போது நூலும் மஞ்சள் பச்சையாகத்தான் இருக்கும். பிழிந்து உதறியதும் காற்று படுகிற வெளி இழைகள் முதலில் இலைப் பச்சையாகி, பிறகு மயில் கழுத்து நிறத்துக்கு வந்து, கடைசியில் நீலமாகும். சிட்டத்தைப் பிரித்தால் நடுவில் இருக்கிற இழை இன்னும் பச்சையாகவே இருந்து, நம் கண் முன்னாலேயே மாறும். ஒரு முழுக்குக்கு வெளிர் நீலம். கறுப்போ என்று சந்தேகம் வருகிற அடர் நீலம் வேண்டுமானால் பல தடவை முக்கி முக்கி எடுத்து ஆற விட வேண்டும்.

இப்போது உங்கள் கைக்குட்டைக்கு வருவோம். காற்றுப் பட்டதும் நீலம் மறுபடியும் கரையாத துகளாகி, இழைக்குள் சிக்கி நிற்கிறது. இழையோடு அதற்கு உறுதியான வேதிப் பிணைப்பு கிடையாது. அதனால் உரசினால் கொஞ்சம் வரும், அதுவும் கம்பளம் புதிதாக இருந்து, சாயம் அடர்த்தியாக இருந்தால் கட்டாயம் வரும். புது ஜீன்ஸ் போட்டு வெள்ளை சோபாவில் உட்கார்ந்தால் நீலம் ஒட்டுகிறதே, அதுவும் இதே சாயம்தான். ஆனால் தண்ணீரில் அது கரையாது என்பதால், ஈரம் பட்டாலும் பக்கத்தில் இருக்கிற வெள்ளை முடிச்சுக்குப் பரவாது. எனவே தேய்த்துப் பார்ப்பது நல்ல சோதனை ஆகாது. வெள்ளைப் பருத்தித் துணியை நனைத்து, சிவப்பும் வெள்ளையும் சந்திக்கிற இடத்தில் வைத்து, தேய்க்காமல் ஐந்தாறு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். துணியில் சிவப்போ ஆரஞ்சோ ஊதாவோ இறங்கினால் அந்தக் கம்பளத்தை விட்டுவிடலாம்; சாயம் மட்டமாக இருக்கும், அல்லது சாயம் ஏற்றிய பிறகு ஒழுங்காக அலசியிருக்க மாட்டார்கள். வீட்டில் ஒரு குடம் தண்ணீர் கொட்டினால் கதை முடிந்தது.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். செயற்கை நீலத்தை ஜெர்மனியின் பாஸ்ஃப் நிறுவனம் 1897இல் சந்தைக்குக் கொண்டுவந்தது. செடியிலிருந்து வரும் நீலமும் ஆலையிலிருந்து வரும் நீலமும் மூலக்கூறு அளவில் ஒன்றேதான். ஆகவே "இந்த நீலம் செடியிலிருந்து வந்தது" என்று கண்ணால் பார்த்துச் சொல்கிறவரை நான் நம்ப மாட்டேன்.

சிவப்பின் கதை வேறு. ஈரானியக் கம்பளத்தின் சிவப்பில் பெரும்பகுதி ரூனாஸ் என்ற செடியின் வேரிலிருந்து வருகிறது. நம் நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கிற மஞ்சிட்டிக்கு நெருங்கிய உறவு அது. யஸ்து மாகாணத்தில் அர்தக்கான் பக்கம் அதைப் பயிர் செய்கிறார்கள். வேரில் சாயம் ஏற மூன்று ஆண்டாவது ஆக வேண்டும். அதற்கு முன் தோண்டினால் வேலைக்கு ஆகாது. காய்ந்த வேரை இடித்துப் பொடியாக்குவார்கள். நூலை முதலில் படிகாரத் தண்ணீரில் வேக வைப்பார்கள், அதில் இருக்கிற அலுமினியம் இழையில் ஏறி உட்காரும். அப்புறம் அந்த நூலை ரூனாஸ் தண்ணீரில் போட்டால், வேரில் உள்ள அலிசரின், பர்ப்யூரின் என்ற சாயப் பொருள்கள் அந்த அலுமினியத்தைப் பிடித்துக்கொள்ளும். இது வேதிப் பிணைப்பு. சரியாகச் செய்த ரூனாஸ் சிவப்பு கைக்குட்டையில் ஒட்டாததற்குக் காரணம் இதுதான். நம் சோழமண்டலக் கரையில் பழைய துணிகளுக்குச் சிவப்பு கொடுத்த சாயவேரிலும் இந்த அலிசரின்தான் இருக்கிறது. செடி வேறு, ஊர் வேறு.

ரூனாஸில் சூடு ரொம்ப முக்கியம். தளதளவென்று கொதிக்க விட்டால் வேரில் இருக்கிற பழுப்பும் மஞ்சளும் இறங்கி, சிவப்பு செங்கல் நிறத்துக்குப் போய்விடும். அதனால் கொதிநிலைக்குக் கீழேயே வைத்து நேரம் கொடுப்பார்கள். தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து இருந்தால் சிவப்பு இன்னும் தெளிவாக வரும். அதனால்தான் ஒரே செய்முறையை வைத்துக்கொண்டு பக்கத்து ஊரில் செய்தாலும் அதே நிறம் வருவதில்லை. அராக் நகரத்தை (அன்று அது சுல்தானாபாத்) சுற்றியுள்ள சாரூக், ஃபெராகான் கம்பளங்களில் ஒரு ரோஜா நிறம் உண்டு. 'தூகி' என்பார்கள். ரூனாஸோடு மோர்த் தெளிவைச் சேர்த்து அதை எடுத்தார்கள். இன்றைக்குப் புதிதாக அந்த நிறத்தைக் கொண்டுவர முயன்றவற்றைப் பார்த்திருக்கிறேன். கிட்ட வருகிறது, அவ்வளவுதான். கிழக்கே குராசான் பக்கம் போனால் சிவப்பில் கொஞ்சம் நீலச் சாயல் தெரியும்; அங்கே கொச்சினீல் என்ற பூச்சியிலிருந்து எடுத்த சிவப்பையும் நிறையப் பயன்படுத்தினார்கள்.

மற்ற நிறங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மஞ்சளுக்கு இஸ்பரக் என்ற காட்டுப் பூச்செடி, மாதுளைத் தோல், திராட்சை இலை. பழுப்புக்கு அக்ரூட் காயின் பச்சைத் தோல். பச்சைக்கென்று தனிச் சாயம் கிடையாது. மஞ்சள் ஏற்றிய நூலை நீலத் தொட்டியில் முக்கினால் பச்சை. இந்தக் கூட்டணியில் மஞ்சள் தரப்பு பலவீனமானது, வெயிலில் முதலில் அதுதான் வெளுக்கும். பழைய கம்பளத்தில் இலைகள் நீலமாகத் தெரிந்தால், நெய்தவர் நீல இலை போட்டார் என்று நினைக்க வேண்டாம். முடிச்சின் அடியைப் பிரித்துப் பாருங்கள், பச்சை அங்கே இருக்கும்.

கறுப்பு மட்டும் கொஞ்சம் விவகாரமானது. மாதுளைத் தோல், மாசிக்காய் (பிள்ளை பெற்ற வீட்டில் உரசிக் கொடுப்பார்களே, அதேதான்) மாதிரித் துவர்ப்புப் பொருளோடு இரும்பு உப்பு, அதாவது அன்னபேதி சேர்த்தால் கறுப்பும் கரும்பழுப்பும் கிடைக்கும். ஆனால் இரும்பு காலப்போக்கில் கம்பளியை அரித்துவிடும். 100 ஆண்டுப் பழைய கம்பளத்தில் கையை ஓட்டினால், கறுப்புக் கோடுகள் இருக்கிற இடம் மட்டும் பள்ளமாக இருப்பதும், சிவப்புப் பூக்கள் மேடாக நிற்பதும் விரலுக்குத் தெரியும். வேண்டுமென்றே செதுக்கியது போல அழகாக இருக்கும். இது குறை இல்லை. வயதுக்கு நல்ல அடையாளம். அதனாலேயே புதுக் கம்பளத்தில் கறுப்பைக் கத்தரியால் ஒட்ட வெட்டிப் 'பழசு' என்று விற்கிற ஆட்களும் உண்டு. அரிப்பு என்றால் பள்ளம் சீராக இருக்காது; கத்தரி போட்டிருந்தால் ஒரே மட்டமாக இருக்கும்.

செயற்கைச் சாயத்துக்கு ஏன் இவ்வளவு கெட்ட பெயர் வந்தது? 1856இல் பெர்கின் என்ற ஆங்கிலேய வேதியியலாளர் முதல் அனிலின் சாயத்தை, அதாவது நிலக்கரித் தாரிலிருந்து எடுக்கும் செயற்கைச் சாயத்தைக் கண்டுபிடித்தார். அடுத்த சில பத்தாண்டுகளில் மலிவான அனிலின் பொடிகள் ஈரானுக்குள் வந்து குவிந்தன. மூன்று வருடம் வேர் வளர வேண்டாம், புளிக்க வைக்க வேண்டாம். பொடியைக் கரைத்து நூலைப் போட்டால் கண்ணைப் பறிக்கிற நிறம். ஆனால் அந்தக் காலத்து ஃபுக்சின் ஊதா சில வருடத்தில் சாம்பல் நிறமாகிவிடும். ஆரஞ்சு ஈரத்தில் இறங்கும். ஏற்றுமதி கெடுவதைப் பார்த்து, கஜார் மன்னர் நாசிருத்தீன் ஷா 1880களில் அனிலின் சாய இறக்குமதிக்குத் தடையே போட்டார். முழுசாக நிற்கவில்லை என்பது அந்தக் காலக் கம்பளங்களைப் பார்த்தாலே தெரிகிறது.

ஆனால் அது அன்றைய அனிலின். 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் குரோம் சாயங்கள் வந்தன; குரோமியம் உப்பைக் கொண்டு இழையில் பிணைக்கிற செயற்கைச் சாயங்கள் அவை. அவை ஈரத்திலும் வெயிலிலும் நன்றாகத் தாங்கும். ஈரானின் பெரிய நகரப் பட்டறைகளில் நெய்த அருமையான கம்பளங்கள் பலவற்றில் இருப்பது குரோம் சாயம்தான். இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். என் கருத்து இது: அவசரமாகப் படிகாரம் ஏற்றி, அரைகுறையாக அலசிய இயற்கைச் சாயத்தைவிட, நிதானமாகச் செய்த குரோம் சாயம் எவ்வளவோ மேல். இயற்கைச் சாயத்தின் உண்மையான மேன்மை வேறு இடத்தில் இருக்கிறது. ரூனாஸ் வேரில் ஒரு சாயப் பொருள் மட்டும் இல்லை; அலிசரினோடு இன்னும் பல சேர்ந்து வருகின்றன. அதனால் அந்தச் சிவப்பு ஒற்றை நிறமாக இருப்பதில்லை, காலையிலும் சாயங்காலத்திலும் வேறு வேறாகத் தெரியும். வெளுக்கும்போதும் அதே குடும்பத்துக்குள்ளேயே வெளுக்கும், சாம்பலாகச் செத்துப் போகாது. அதற்காக நான் விலை கொடுப்பேன், "கெமிக்கல் இல்லை" என்பதற்காக இல்லை. படிகாரமும் அன்னபேதியும் கெமிக்கல் இல்லாமல் வேறென்ன?

சாயம் விஷயத்தில் வியாபாரிகள் எந்த அளவுக்குப் போவார்கள் என்பதற்கு சாரூக் கம்பளமே சாட்சி. 1920களில் அமெரிக்காவுக்கு ஏராளமான சாரூக் கம்பளங்கள் போயின. மேலே சொன்ன ரோஜா நிறம் அமெரிக்க வீடுகளின் கனத்த, இருண்ட மரச் சாமான்களுக்கு எடுபடவில்லை. என்ன செய்தார்கள் தெரியுமா? கம்பளம் அங்கே போய் இறங்கியதும் ரசாயனத்தில் கழுவி நிறத்தைக் குறைத்து, பிறகு பூக்களுக்கு நடுவில் இருக்கிற தளம் முழுவதையும் ஆள் வைத்துத் தூரிகையால் அடர் மெரூன் சாயம் பூசினார்கள். நெய்து முடித்த கம்பளத்துக்கு! இன்றும் அந்த வகைக் கம்பளங்கள் ஏலத்துக்கு வருகின்றன. முன்பக்கம் திராட்சை ரசம் மாதிரி இருண்ட சிவப்பு, திருப்பிப் போட்டால் பின்பக்கம் இளம் ரோஜா. பூக்களின் விளிம்பில் தூரிகை தவறிப் பட்ட இடங்கள்கூடத் தெரியும். முன்பக்கத்தைவிடப் பின்பக்கம் வெளிர் என்றால் உடனே சந்தேகப்படுங்கள். வழக்கமாக வெயில் படுவது முன்பக்கம், எனவே வெளுக்க வேண்டியதும் அதுதான்.

இதே போல 'தேயிலைக் கழுவல்' என்று ஒன்று உண்டு. புதுக் கம்பளத்தைப் பழசாகக் காட்டத் தேயிலைத் தண்ணீரிலோ பழுப்புச் சாயத்திலோ முக்குவது. வெள்ளைக் குஞ்சம் முதற்கொண்டு எல்லாமே ஒரே தேன் நிறத்தில் இருந்தால் அதுதான். எனக்கு இது அறவே பிடிக்காது. நல்ல வெள்ளையைக் கெடுத்துவிடுகிறார்கள்.

ஒரே நிறத் தளத்தில் பட்டை பட்டையாக நிற மாற்றம் தெரிந்தால் பயப்பட வேண்டாம். 'அப்ராஷ்' என்று சொல்வார்கள். மலைமேல் காஷ்காய், லூர் பழங்குடிப் பெண்கள் சின்னப் பாத்திரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகச் சாயம் போட்டவர்கள். ஒரு தடவை போட்ட நூல் தீர்ந்து அடுத்ததை எடுக்கும்போது நிறம் லேசாக மாறும். கையால் நூற்ற நூலில் மெல்லிய இடம், தடித்த இடம் இருப்பதால் சாயமும் ஏறி இறங்கிப் பிடிக்கும். ஆனால் அப்ராஷ் எப்போதும் நெசவின் குறுக்கே, ஊடை போகிற திசையில்தான் வரும். நீளவாக்கிலோ வட்டமாகவோ நிறம் மாறியிருந்தால் அது கறை, அல்லது வெயில், அல்லது பூச்சு. இன்னொரு சிக்கல்: அப்ராஷுக்கு மதிப்பு இருக்கிறது என்று தெரிந்ததும், ஆலைச் சாய நூலிலேயே வேண்டுமென்று கோடு கோடாக அதைச் செய்கிறார்கள். கோடுகள் ஒரே அகலத்தில் திரும்பத் திரும்ப வந்தால் அந்த ரகம்.

சரி, கம்பளி. சாயத்துக்கு முன்னால் இதைப் பார்க்கச் சொன்னேன் அல்லவா? குளிர் கடுமையான மலைப் பகுதி ஆட்டின் முடி, வசந்தத்தில் கத்தரித்தது, அதிலும் கழுத்து, தோள் பக்கம் எடுத்த நீளமான மென்முடிதான் முதல் தரம். 'கோர்க்' என்பார்கள். அதில் இயற்கையான எண்ணெய்ப் பசை இருக்கும். மிதிக்க மிதிக்கப் பளபளப்பு ஏறும். இதற்கு நேர் எதிர், அறுத்த ஆட்டின் தோலிலிருந்து சுண்ணாம்பு போட்டு உரித்தெடுத்த முடி. 'தபாச்சி' என்று பெயர். சுண்ணாம்பு அதன் உயிரை வாங்கிவிடும். சாயம் சரியாகப் பிடிக்காது, இழை முறியும், எந்த ரூனாஸ் போட்டாலும் மந்தமாகவே இருக்கும். உள்ளங்கையால் கம்பளத்தை வேகமாக நாலு தடவை தேய்த்துப் பாருங்கள். ஓரிரண்டு இழை வந்தால் பரவாயில்லை, புதுசில் அது சகஜம். பஞ்சு பஞ்சாக உதிர்ந்து, தடவும்போது சொரசொரவென்று வறண்டு இருந்தால் வேண்டாம். நகரப் பட்டறைகளில் இப்போது ஆஸ்திரேலிய, நியூசிலாந்து மெரினோ கம்பளியும் நிறைய வருகிறது. கன்னத்தில் வைத்தால் சுகமாக இருக்கும். தினமும் பத்துப் பேர் நடமாடுகிற கூடத்துக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். ஈரானின் ஹெரிஸ், பிஜார் ஊர்க் கம்பளங்களில் இருக்கிற மாதிரி முரட்டுக் கம்பளிதான் அங்கே நிற்கும். பிஜாரில் ஊடையை நனைத்து, கனமான இரும்புச் சீப்பால் அடித்து இறுக்குவார்கள். மடிக்கவே முடியாது, சுருட்டத்தான் முடியும்.

விலைக்கு வருகிறேன். ஈரானின் தப்ரீஸ் நகரத்துக் கம்பளத்துக்கு 'ராஜ்' என்று ஒரு கணக்கு சொல்வார்கள். ஏறத்தாழ 7 செ.மீ. அகலத்தில் எத்தனை முடிச்சு என்பது ராஜ். 50 ராஜ் என்றால் ஒரு சதுர மீட்டரில் சுமார் 5,10,000 முடிச்சு. 2 மீட்டருக்கு 3 மீட்டர் கம்பளத்தில் 30 லட்சத்துக்கு மேல். கை தேர்ந்தவர் நாளுக்கு 8,000 முடிச்சு போடுகிறார் என்று வைத்தால், ஒரே ஆள் லீவே எடுக்காமல் 380 நாள் உட்கார வேண்டும். ஒவ்வொரு முடிச்சும் நூலை இரண்டு பாவு இழையில் (தறியில் நீளவாக்கில் ஓடும் நூல்) சுற்றி, இழுத்து, கத்தியால் வெட்டியது. ஒரு வரிசை முடிந்ததும் ஊடை ஓட்டி, சீப்பால் அடித்து, கத்தரியால் சமன் செய்வார்கள். வேலையைக் குறைக்க இரண்டுக்குப் பதில் நாலு பாவு இழையில் ஒரே முடிச்சாகப் போடுவதும் உண்டு, 'ஜுஃப்தி' என்று பெயர். பாதி வேலையில் முடிந்துவிடும். கம்பளமும் பாதி அடர்த்திதான், சீக்கிரம் தேயும்.

முடிச்சு எண்ணிக்கையை மட்டும் வைத்து விலை பேசுகிறவர்களிடமும் எச்சரிக்கையாக இருங்கள். லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிற அர்தபீல் கம்பளம் உலகப் புகழ் பெற்றது. ஹிஜ்ரி 946, அதாவது 1539-40 என்று ஆண்டும், காஷானைச் சேர்ந்த மக்சூத் என்ற பெயரும் அதிலேயே நெய்யப்பட்டிருக்கின்றன. சுமார் பத்தரை மீட்டர் நீளம். 1893இல் 2,000 பவுண்டுக்கு வாங்கினார்கள்; வாங்கச் சொல்லிப் பரிந்துரைத்தவர் ஆங்கில வடிவமைப்பாளர் வில்லியம் மாரிஸ். அதன் அடர்த்தி 10 செ.மீ. சதுரத்துக்குச் சுமார் 5,300 முடிச்சு. கணக்குப் போட்டால் இன்றைய 50 ராஜ் தப்ரீஸுக்குப் பக்கத்தில்தான் வருகிறது. இன்று அதைவிட நெருக்கமான கம்பளங்கள் ஏராளமாகக் கிடைக்கின்றன, அவை எல்லாம் அர்தபீல் ஆகிவிடவில்லை. மொத்தம் பத்தே நிறம், எல்லாம் இயற்கைச் சாயம். அவை வெளுத்துவிடக் கூடாது என்பதற்காக அருங்காட்சியகத்தில் அரை மணிக்கு ஒரு தடவை, பத்து நிமிடம் மட்டும் வெளிச்சம் போட்டுக் காட்டுகிறார்கள். இயற்கைச் சாயம் வெயிலுக்கு அசையாது என்று கடையில் யாராவது சொன்னால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஈரானின் இன்னொரு நெசவு ஊரான நாயினில் கணக்கு தலைகீழ். அங்கே 'லா' என்பது பாவு நூலில் எத்தனை புரி என்பதைக் குறிக்கும். 9 லாவைவிட 6 லா மெல்லியது, 4 லா இன்னும் மெல்லியது. எண் குறைந்தால் விலை கூடும். தெரியாதவரிடம் "9 லா சார், உயர்ந்தது" என்று தலையில் கட்டிவிடுவார்கள்.

நம் ஊரில் இதையெல்லாம்விட அடிப்படையான ஆபத்து ஒன்று இருக்கிறது. 'ஹேண்ட்மேட் பெர்ஷியன்' என்று விற்பதில் கணிசமான சரக்கு ஈரானைப் பார்த்ததே இல்லை. உத்தரப் பிரதேசத்தின் பதோஹி-மிர்சாபூர், காஷ்மீர் இரண்டும் பாரசீக வடிவங்களைக் கையால் முடிச்சுப் போட்டு நெய்கிற பெரிய இடங்கள். அவற்றில் மிக நல்ல கம்பளங்கள் உண்டு. பதோஹி என்று சொல்லி, பதோஹி விலைக்குக் கொடுத்தால் நான் சந்தோஷமாக வாங்குவேன். ஈரான் விலை சொல்லும்போதுதான் பிரச்சினை. அதைவிட மோசம், 'டஃப்டட்' ரகம். துணியில் துப்பாக்கி மாதிரி ஒரு கருவியால் நூலைக் குத்தி, பின்னால் ரப்பர் பசை பூசி, அதை மறைக்க இன்னொரு துணி ஒட்டியிருப்பார்கள். கையால் செய்தது என்பது பொய்யில்லை, ஆனால் அதில் ஒரு முடிச்சுகூடக் கிடையாது. சில வருடத்தில் பசை பொடிந்து தரையில் உதிரும். பின்பக்கம் துணி ஒட்டியிருந்தால் அங்கேயே திரும்பி வந்துவிடுங்கள்.

கடையில் நீங்கள் செய்ய வேண்டியது, கம்பளத்தைத் திருப்பிப் போடச் சொல்லி, வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுவரச் சொல்வது. மஞ்சள் விளக்கின் கீழே எல்லாச் சிவப்பும் நன்றாகத்தான் இருக்கும். கையால் நெய்ததில் முன்பக்கப் பூ பின்பக்கமும் அதே தெளிவோடு தெரியும், முடிச்சுகள் கொஞ்சம் ஏற்ற இறக்கமாக இருக்கும், அகலம் இரு முனையிலும் ஓரிரு சென்டிமீட்டர் வித்தியாசப்படலாம். குஞ்சம் பாவு நூலின் நீட்சியாக இருக்க வேண்டும். தனியாகத் தைத்து ஒட்டியிருந்தால் மெஷின் சரக்கு, அல்லது பழுது பார்த்தது. பிறகு ஓரிடத்தில் முடிச்சுகளை விரித்து அடி முதல் நுனி வரை நிறத்தைப் பாருங்கள். நுனி வெளிறி அடி அடர்த்தியாக, ஒரே குடும்ப நிறமாக, படிப்படியாக மாறினால் நல்லது. நுனி சாம்பல், அடியில் கத்தரிப்பூ ஊதா என்றால் அது பழைய அனிலின். 'பட்டு' என்று சொன்னால் குஞ்சத்திலிருந்து ஒரு இழை கேட்டு வாங்கிக் கொளுத்துங்கள். பட்டும் கம்பளியும் முடி கருகும் வாடை அடித்துத் தானே அணையும். காகிதம் எரிகிற வாடை வந்தால் விஸ்கோஸோ (செயற்கைப் பட்டு) பருத்தியோதான். ஒரு விஷயம்: கம்பளியும் பட்டும் மேலே இருந்தாலும் பாவு பருத்தியாக இருக்கலாம், அதனால் மேல் இழையிலும் ஒன்றைக் கேளுங்கள்.

இன்று உண்மையாகவே இயற்கைச் சாயத்தில் வேண்டுமென்றால் எங்கே தேடுவது? ஈரானில் ஃபார்ஸ் மாகாணத்துக் கப்பேக் கம்பளங்களைப் பாருங்கள். தடித்த கம்பளி, சில முடிச்சுகளில் ஒரு ஆடு, ஒரு மரம், மீதி முழுக்க ஒரே நிறம். சாயம் தெரிந்தவர்களுக்கு அந்த வெற்றுத் தளம்தான் விருந்து. ஃபார்ஸ், காஷான் இரண்டு இடத்து நெசவுத் திறனையும் யுனெஸ்கோ 2010இல் தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. துருக்கியில் 1981இல் டோபாக் என்ற திட்டத்தை ஆரம்பித்து, ஜெர்மானிய வேதியியல் ஆசிரியர் ஹரால்ட் போமர் பழைய சாயங்களைப் பகுப்பாய்ந்து, மறந்துபோன செய்முறைகளைக் கிராமத்து நெசவாளர்களுக்குத் திரும்பக் கொடுத்தார். இயற்கைச் சாயக் கம்பளங்களின் மறுவரவுக்கு அது பெரிய உந்துதல். விற்பவர் ரூனாஸ், மாதுளைத் தோல் என்று நிறத்துக்கு நிறம் பெயர் சொல்கிறாரா, எந்த ஊர்ச் சாயப் பட்டறை என்று சொல்கிறாரா என்று பாருங்கள். "ஃபுல் வெஜிடபிள் சார்" என்பதோடு நிறுத்திக்கொண்டால் அதற்குத் தனி விலை இல்லை என்று பேரம் பேசுங்கள். விலை பெரிதாக இருந்தால் ஆய்வகச் சோதனையே கேட்கலாம். ரூனாஸில் அலிசரினோடு கூட வரும் மற்றப் பொருள்கள் தனிச் செயற்கை அலிசரினில் இருக்காது என்பதால், சில மில்லிகிராம் நூல் இருந்தாலே சிவப்பை அடையாளம் கண்டுவிடுவார்கள்.

வாங்கிவிட்டால் பராமரிப்பு பெரிய வேலை இல்லை. துணி சோப்புப் பொடி கூடவே கூடாது, அதன் காரம் கம்பளியைக் கெடுக்கும். ஏதாவது கொட்டினால் உடனே வெள்ளைத் துணியால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். ஜன்னலோரம் விரித்தால் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை தலைமாற்றிப் போடுங்கள், இல்லையென்றால் ஒரு பக்கம் மட்டும் வெளுத்து நிற்கும். சென்னை மாதிரிக் கடலோர ஊர் என்றால் பூந்தொட்டியைக் கம்பளத்தின் மேல் வைக்கவே வைக்காதீர்கள். மேலே கம்பளி நன்றாகத்தான் இருக்கும், அடியில் பருத்திப் பாவு ஈரத்தில் மக்கி ஒரு நாள் படாரென்று கிழியும். பூச்சி வருவது நடமாட்டம் இருக்கிற இடத்தில் இல்லை, சோபாவுக்கும் கட்டிலுக்கும் அடியில், இருட்டில். அந்தப் பகுதியை மாதம் ஒரு தடவை இழுத்துப் போட்டு, இரு பக்கமும் தூசி எடுங்கள். வாக்குவம் வைத்தால் சுழலும் பிரஷைக் கழற்றிவிட்டு வையுங்கள், குஞ்சத்தில் மாட்டினால் பிய்த்துக்கொண்டு போய்விடும்.